மஞ்சள் கறை போகாமல் சட்டையைத் துவைப்பது எப்படி?

மண்டிக்காரர் மகள், ஈரோடு

எல்லோரும் கறையைப் போக்க வழி கேட்பார்கள். எனக்குக் கறை போகக் கூடாது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 31 ஆண்டுகள் எடை போட்டவர். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று குவித்திருக்கும் இடத்துக்குத் தினமும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போவார். “மஞ்சள் மண்டிக்கு வெள்ளை உடுத்திப் போகிற மனுஷன் உலகத்தில் இவர் ஒருத்தர்தான்” என்று அம்மா 31 ஆண்டுகளும் சொல்லிக்கொண்டேதான் துவைத்தாள். மண்டியில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

கார்த்திகையில் அப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் துணிகளில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டோம். அம்மா டிரங்குப் பெட்டியில் ஒளித்துவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது: 7 சட்டைகள், பச்சைக் கரை போட்ட 8 முழ வேட்டி 5, துண்டு 2, கை வைத்த பனியன் 3. எல்லாம் வேலைக்கு உடுத்தியவை. நல்ல துணிகளைக் கொடுத்துவிட்டுப் பழசை வைத்திருக்கிறாள்.

சட்டைகளில் வலது கைமடிப்பும் பையின் அடிப்பாகமும் நல்ல மஞ்சள். மற்ற இடமெல்லாம் பழைய தந்தம் போல ஒரு நிறம். ஒரு சட்டையில் தலையணை உறை தைத்து அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் பகுதித் தையல்கடையில் கொடுத்தேன். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல மனத்தோடுதான் செய்தார். “பழைய துணியாக இருந்தது, ப்ளீச்சில் ஊறவைத்துக் கறையெல்லாம் எடுத்துவிட்டேன். பை அசிங்கமாக இருந்தது, அதையும் பிரித்து எறிந்துவிட்டேன்” என்று பளிச்சென்று ஒரு வெள்ளை உறையைக் கொடுத்தார். கடையில் 120 ரூபாய்க்குக் கிடைக்கும் உறை. கூலியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வண்டியை எடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மீதி 6 சட்டைகள். இனி நானே தைக்கிறேன். அம்மாவின் கால் மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் ஒழுங்காக வரும், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். துவைக்காமல் தைக்கவும் முடியாது, காலரில் அவ்வளவு அழுக்கு. துவைத்தால் மஞ்சள் போய்விடுமோ என்று பயம். பையோடு சேர்த்து உறை தைக்க முடியுமா? வேட்டிகள் விளக்கில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு நைந்திருக்கின்றன. அவற்றில் அம்மாவுக்கு ஒரு போர்வை ஆகுமா? தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம், குழந்தைக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

---

சாயப்பட்டறைக்காரன், பெருந்துறை

சகோதரி, சாயம் போகாமல் இருக்க வழி தேடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் மஞ்சள் கறையைக் காப்பாற்றச் சொல்லி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் அப்பா சட்டைக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

மஞ்சளில் நிறம் தருவது குர்குமின். சாயமாகப் பார்த்தால் இது நம்பத்தகாத ஆள். துணியில் உடனே ஏறும், ஆனால் நிலைக்காது. இதற்கு முதல் எதிரி வெயில். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். மஞ்சள் பட்ட துணியை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டுப் பாருங்கள், பாதி காணாமல் போயிருக்கும். உங்கள் அம்மா இத்தனை ஆண்டுகள் துவைத்து மொட்டை மாடியில் உலர்த்தியிருப்பார். கறை இன்னும் இருக்கிறது என்றால், அப்பா மறுநாளே புதிதாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். இப்போது ஏற்றுவதற்கு ஆள் இல்லை. அதனால் வெயில் படவே கூடாது.

அடுத்தது காரம். சோப்புப் போட்டதும் மஞ்சள் செந்நிறமாகும் அல்லவா? ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் இதே சங்கதிதான். பயப்பட வேண்டாம், நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும்; கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டால் சீக்கிரம் திரும்பும். ஆனால் சோப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். ப்ளீச்சைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலமும் போடாதீர்கள்.

குர்குமின் குளிர்ந்த தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். அது உங்களுக்குச் சாதகம். பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, பிசைந்து, வடிகட்டிய தண்ணீர் போதும். பச்சைத் தண்ணீரில் கலந்து, காலரை மட்டும் விரலால் தேய்த்து, முறுக்காமல் பிழிந்து, வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் காயப்போடுங்கள். முதலில் சட்டையின் அடிப்பக்கம், வேட்டிக்குள் போகிற இடத்தில் சோதித்துப் பாருங்கள். படிகாரத்தில் முக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். துவைப்புக்கு அது கொஞ்சம் உதவும், வெயிலுக்கு உதவாது, நிறமும் மாறலாம். நானாக இருந்தால் தொட மாட்டேன்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரக் கட்டிலில் தினமும் கிடக்கும் தலையணையில் இந்த மஞ்சள் பல ஆண்டுகள் நிற்காது. நிறம் முக்கியம் என்றால் பீரோவுக்குள் இருக்கும் பொருளாகச் செய்யுங்கள்.

---

ஓவர்லாக் ஓய்வு, திருப்பூர்

அம்மிணி, 26 ஆண்டுகள் சாம்பிள் தைக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது கண் சரியில்லை, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

சட்டையில் தலையணை உறை தைப்பதில் ஒரு வசதி: சட்டையின் பட்டன் பட்டியே உறையின் வாய் ஆகிவிடும். ஜிப் வேண்டாம். எல்லாப் பட்டன்களையும் போட்டு, சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேசையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அட்டையில் சதுரம் வெட்டி மேலே வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாகக் குண்டூசி குத்தி வெட்டுங்கள். அரை அங்குலம் தையல் பிடிப்பு விட்டு நாலு பக்கமும் தைத்து, பட்டனைக் கழற்றி வாய் வழியாகத் திருப்பினால் உறை தயார். பட்டி தையலுக்குள் போகிற இரண்டு இடத்திலும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள், இழுபடுவது அங்கேதான்.

எல்லோரும் 16 அங்குலத் தலையணைக்கு 17 அங்குலம் வெட்டு என்பார்கள். பை வேண்டாதவர்களுக்கு அது சரி. உங்களுக்குப் பை வேண்டும். பை பட்டன் பட்டியிலிருந்து இரண்டரை, மூன்று அங்குலம் தள்ளித் தொடங்கும். அதன் அகலம் ஐந்து அங்குலம் போல இருக்கும். கூட்டிப் பாருங்கள், பையின் வெளி ஓரம் உறையின் தையலில் மாட்டிக்கொள்ளும். 19 வெட்டி 18 அங்குலத் தலையணை போடுங்கள். அப்படி வைத்தால் இன்னொரு வம்பு: பை நெஞ்சு உயரத்தில் இருப்பதால் சதுரத்தின் மேல் மூலைகள் கைக்குழியில் போய் விழும். இரண்டு வழி உண்டு. கையைப் பிரிக்காமல் அதோடு சேர்த்தே வெட்டிவிடலாம். மூலையில் சட்டைக் கையை இணைத்த தையல் ஒரு வளைவாகத் தெரியும், எனக்கு அது பிடிக்கும். இல்லாவிட்டால் பையைப் பிரித்து இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தைத்துக்கொண்டு, சதுரத்தையும் கீழே இறக்கலாம். பிரிப்பதானால் பிளேடு வேண்டாம். நைந்த துணியில் பிளேடு நூலோடு துணியையும் எடுத்துவிடும். சிறிய கத்தரியால் மூன்று தையலுக்கு ஒன்றாக நறுக்கி, பின்பக்கத்திலிருந்து நூலை உருவுங்கள்.

வெட்டும் முன்பே சட்டையின் உள்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ், இருப்பதிலேயே மெல்லியதாக வாங்கி, இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். 11ஆம் எண் ஊசி. தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சின்னச் சின்னத் தையல் போட்டால்தான் பலம் என்று நினைப்பார்கள். பழைய துணியில் அது தபால்தலைக்கு ஓட்டை போட்ட மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பனியன்களைத் தொட வேண்டாம். பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், கேன்வாஸ் ஒட்டாமல் வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், நேர்த்தையல் மட்டும் தெரிந்த கைக்கு அது அழுகையைத்தான் தரும். பனியனை மடித்து அப்படியே வைத்திருங்கள். திருப்பூர்க்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

---

கூடுதுறை வாசி, பவானி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். போனவர் துணியை வீட்டில் வைப்பதே தவறு என்பார்கள் எங்கள் பெரியவர்கள். கூடுதுறையில் காரியம் செய்ய வருகிறவர்கள் துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் தலைமுழுகிப் போகிறார்கள். பற்று அறுவதற்காகச் செய்வது அது. தலைக்கு வைத்துப் படுப்பது அவர் ஆத்மாவுக்கும் நல்லதில்லை, உங்கள் அம்மாவின் மனத்துக்கும் நல்லதில்லை.

---

மண்டிக்காரர் மகள், ஈரோடு

ஐயா, அக்கறையில் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. அப்பா கடைசியாக உடுத்தியிருந்ததை வீட்டில் வைக்கவில்லை. கூடுதுறைக்கு நாங்களும் வந்தோம். படித்துறையோரம் காவிரியில் ஊறிக் கிடந்த வேட்டி சேலைகளில் என் கால் சிக்கியது. யாருடையதோ. அதைப் பார்த்த பிறகுதான் எதையும் ஆற்றில் விடக் கூடாது என்று எனக்கே தோன்றியது. அம்மாவிடமும் கேட்டேன். “அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சட்டையை நான் எத்தனை தடவை தூக்கி எறியப் பார்த்தேன், அப்போதே போகவில்லை” என்றாள்.

---

கோபி அம்மிச்சி

கண்ணு, எனக்கு 71 வயது. பவானித் தம்பி சொல்வதிலும் தப்பில்லை, அவரவர் வீட்டு வழக்கம். ஆனால் பிறந்த பிள்ளையை முதலில் எதில் சுற்றுகிறோம்? புதுத்துணியிலா? அப்பாரு வேட்டியைக் கிழித்துத்தானே சுற்றுகிறோம். என் மூன்று பிள்ளைகளும் என் மாமனார் வேட்டியில்தான் கிடந்தார்கள், மூத்தது பிறந்தபோதே அவர் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வேட்டிக்கு இருக்கிற மெதுவு எந்தக் கடைத் துணிக்கும் வராது.

ஆனால் நைந்த வேட்டியில் தூரித் தொட்டில் மட்டும் கட்டிவிடாதே. ஆசையாகத்தான் இருக்கும். பிள்ளை கனம் ஏற ஏற எந்த நேரம் கிழியும் என்று தெரியாது. சுற்றுத் துணியாக, வாய் துடைக்கிற துணியாகக் கிழித்து ஓரம் மடித்துத் தை. சட்டைத் துணியில் பொம்மை செய்கிறேன் என்று பட்டன் வைத்துவிடாதே, பிள்ளை வாயில் போடும்.

போர்வைக்கு வா. வெட்டவே வெட்டாதே. 8 முழ வேட்டியை இரண்டாக மடித்தால் கட்டில் நீளம், நாலடி அகலம், அளவு சரியாக வரும். இரண்டு வேட்டியை மடித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நாலு மடிப்பு. நைந்த இடம் ஒன்றின் மேல் ஒன்று வராமல் ஒரு வேட்டியைத் தலைமாறிப் போடு. பச்சைக் கரை வெளியே தெரிகிற மாதிரி விட்டு, கையால் ஓட்டுத் தையல் ஓட்டு, இரண்டு விரல் கடைக்கு ஒரு வரிசை. நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போ. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் பை போலத் தொங்கும், பிறகு பிரிக்கவும் மனசு வராது. எங்கள் அம்மா பழஞ்சேலையில் இப்படித்தான் விரிப்புத் தைப்பாள். கர்நாடகத்துப் பக்கம் கௌதி என்று சொல்வது இதைத்தான், வங்காளத்துக்காரர்கள் காந்தா என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்களாம். எங்களுக்கு அது வெறும் பழந்துணி.

ஒரு மாதம் ஆகும். உன் அம்மாவையும் ஒரு பக்கம் உட்கார வை.

---

சோமனூர்த் தறி

போர்வைக்கு அடித்துணி வைப்பதானால் காடாத் துணி வாங்குங்கள். எங்கள் பக்கத்துத் தறிகளில் ஓடுவதுதான், ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் கிடைக்கும். வெளுக்காத துணி என்பதால் உங்கள் வேட்டி நிறத்தோடு ஒத்துப்போகும். ஆனால் கஞ்சியோடு வரும், துவைத்தால் சுருங்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, அதற்குப் பிறகு தையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் போர்வை அப்பளமாக மடங்கிவிடும்.

டிரங்குப் பெட்டியில் மீதி வைக்கும் துணியிலும் கஞ்சி இருக்கக் கூடாது. பருத்தியை அரிக்க வருகிற வெள்ளிப்பூச்சி கஞ்சிக்குத்தான் வரும். பாலித்தீன் பையில் போடாதீர்கள், பழுத்துப்போகும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

---

மண்டிக்காரர் மகள், ஈரோடு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் வேலை செய்தது. காலர் அழுக்குப் போனது. கைமடிப்பு மஞ்சள் எள்ளளவும் குறையவில்லை. பக்கெட்டுத் தண்ணீர் லேசாக மஞ்சளித்தபோது மட்டும் நெஞ்சு திக்கென்றது. அது துணிக்குள் தங்கியிருந்த தூள் என்று நினைக்கிறேன்.

திருப்பூர் அண்ணா சொன்ன இரண்டாவது வழியில், பையை இறக்கித் தைத்தேன். பிரிக்க ஒரு மாலை முழுக்க ஆனது. பையின் அடி மடிப்பில், தையலுக்குள், பஞ்சும் மஞ்சள் தூளும் சேர்ந்து விரல் நக அளவுக்கு ஒரு உருண்டையாகத் திரண்டிருந்தது. எத்தனை ஆண்டுத் துவைப்புக்குத் தப்பியதோ. மோந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை இல்லை, சோப்பு வாசனைதான். அதைப் பைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன்.

பையை எடுத்த இடத்தில், சட்டை வாங்கிய நாளில் இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. பை மறைத்திருந்த அளவுக்கு ஒரு கட்டம். அந்த வெள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை; எனக்கு நினைவு தெரிந்து அப்பாவின் சட்டைகள் எல்லாம் தந்த நிறம்தான். இப்போது பை இரண்டு அங்குலம் கீழே இருப்பதால், அதன் தலைமாட்டில் அந்த வெள்ளை ஒரு பட்டையாகத் தெரிகிறது. தம்பி “அளவு தப்பிவிட்டதா?” என்று கேட்டான். தப்பவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்கவில்லை.

போர்வை பாதியில் நிற்கிறது. அம்மிச்சி, நீங்கள் சொன்னபடி நடுவிலிருந்துதான் தொடங்கினோம். அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்பாவின் கோணி ஊசியை எடுத்துவந்து, மண்டியில் சாக்குத் தைக்கிற அந்த வளைந்த ஊசியால்தான் முதல் தையல் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போட்டாள். நடுப்போர்வையில் கடலைப் பருப்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை. நாலு மடிப்பும் சேர்ந்து. அதன் மேல் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு சின்ன வட்டம் வெட்டி ஒட்டுப்போட்டேன். அம்மாவின் தையல் என்னுடையதை விடச் சின்னது, என்னுடையதை விட நேர். 31 ஆண்டுகள் பட்டன் தைத்த கை.

தம்பி குழந்தைக்கு இன்னொரு வேட்டியைக் கிழித்து எட்டுச் சுற்றுத் துணி ஆயிற்று. தூரி கட்டவில்லை.

சாயப்பட்டறை அண்ணாவுக்கு ஒரு செய்தி. உறையைப் பீரோவுக்குள் வைக்கச் சொல்லி, வெயில், காரம் எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அன்று இரவே தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். சரி, அவள் கணவர் சட்டை என்று விட்டுவிட்டேன். நேற்று மதியம் மொட்டை மாடிக்குப் போனால், உறை சோப்புப் போட்டுத் துவைக்கப்பட்டு, கொடியில், நல்ல உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கிளிப் போட்டு.

ஓடிப்போய் எடுத்துவந்தேன். மஞ்சள் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது. “அழுக்காக இருந்தது, துவைத்தேன்” என்றாள். மீதி ஐந்து சட்டைகள் இருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது.